வாடகைப் பணமா, ஷெட்டா, சொந்த மனையில் கொட்டகையா?

2005 சித்திரையில் நாகப்பட்டினம் கடற்கரைப் பக்கம் போனவர்களுக்கு அந்தக் கறுப்புக் கொட்டகைகள் மறந்திருக்காது. பல இடங்களில் தார் ஷீட்டில் சுவர், தார் ஷீட்டிலேயே கூரை, பெட்டி அடுக்கியதுபோல வரிசைகள். காலை பதினோரு மணிக்கு மேல் உள்ளே ஆள் இருக்க முடியாது. பாயும் பாத்திரமும் உள்ளே கிடக்கும். மனிதர்கள் எங்காவது ஒரு பூவரச மரத்தையோ படகு நிழலையோ தேடிப் போயிருப்பார்கள். 2004 டிசம்பர் சுனாமியில் அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களுக்கு அவசரமாகக் கூரை வேண்டும் என்றார்கள், கூரை கிடைத்தது. சில மாதத்துக்கு என்று சொல்லிக் கொடுத்த கூரை. அதற்குள்ளேயே பல குடும்பங்கள் இரண்டு மழைக்காலம் இருந்தன.

அதனால் 'தற்காலிகம்' என்ற சொல்லை நம்பித் திட்டம் போடுவதை நான் விட்டுவிட்டேன். ஆறு மாதம் என்று யாராவது சொன்னால் இரண்டு வருஷம் என்று எழுதிக்கொள்வது நல்லது.

பேரிடரில் வீடு போய்ப் பள்ளிக்கூட முகாமில் தங்கியிருக்கும் மக்களை அங்கிருந்து எழுப்ப வேண்டிய நாள் வரும்போது அதிகாரிகள் முன்னால் பெரும்பாலும் மூன்று வழிதான் இருக்கும். வாடகை கொடுத்து வெளியே வீடு பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். ஓரிடத்தில் ஷெட் போட்டு மொத்தமாகக் குடிவைக்கலாம். சாமானும் பணமும் கொடுத்து அவரவர் மனையில் அவரவரே கொட்டகை போட்டுக்கொள்ள விடலாம். எது மலிவு, எது சீக்கிரம் முடியும் என்றுதான் கூட்டத்தில் பேச்சு போகும். அந்த இரண்டையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு வேறு இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொல்வேன். அங்கிருந்து மறுநாள் காலை வேலைக்குப் போக முடியுமா? பக்கத்து வீட்டில் யார் இருப்பார்கள்?

பேச்சு அந்தரத்தில் தொங்காமல் இருக்க ஒரு கற்பனைக் குப்பத்தை எடுத்துக்கொள்வோம். டெல்டா கடற்கரையில் 300 குடும்பம், 1,500 பேர். பெரும்பாலும் மீன்பிடி. கொஞ்சம் பேர் தலைச்சுமையாக மீன் விற்கும் பெண்கள், கொஞ்சம் பேர் வாடகைக்குக் குடியிருப்பவர்கள், நாலைந்து பேர் அரசு வேலை. இவர்களுக்கு எது சரி?

முதலில் வாடகை

இதற்கு அண்மை உதாரணம் வயநாடு. 2024 ஜூலை 30 அதிகாலை மேப்பாடி பஞ்சாயத்தில் முண்டக்கை, சூரல்மலை பகுதிகள் நிலச்சரிவில் போயின. மக்கள் பள்ளிகளில் தங்கினார்கள். பள்ளிக்கூடத்தை எத்தனை நாள் முகாமாக வைத்திருக்க முடியும்? பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கவேண்டும். கேரள அரசு மாதம் 6,000 ரூபாய் வரை வாடகை தருவதாகச் சொன்னது. ஆகஸ்ட் மாதக் கடைசிக்குள் முகாம்கள் காலியாகிவிட்டன. நிரந்தரக் குடியிருப்புக்குக் கல்பற்றாவில் எல்ஸ்டன் எஸ்டேட் நிலத்தில் அடிக்கல் நாட்டியது 2025 மார்ச் 27. அதாவது அடிக்கல்லுக்கே எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் மலைமழையில் ஷெட்டில் கழிந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால், வாடகை முடிவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மனையே மண்ணோடு போய்விட்டது. மிச்சமிருந்த சரிவில் மறுபடி கொட்டகை போடச் சொல்லவும் முடியாது. அங்கே வாடகைதான் சரி.

ஜப்பானும் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது. 2011 மார்ச் 11 நிலநடுக்கம், சுனாமிக்குப் பிறகு சுமார் 53,000 தற்காலிக வீடுகளைக் கட்டினார்கள். ஆனால் அதைவிட அதிகமாக, உச்சத்தில் சுமார் 68,000 தனியார் வாடகை வீடுகளை அரசுக் கணக்கில் எடுத்துக் கொடுத்தார்கள். புதிதாகக் கட்டிய வீடு ஒன்றுக்கு அறுபது எழுபது லட்சம் யென் ஆனது. வாடகை அதைவிட மலிவு, உடனே குடிபோகலாம், சுவரும் கழிப்பறையும் ஏற்கெனவே ஒழுங்காக இருக்கிறது. பலர் சென்டாய் போன்ற நகரங்களுக்குப் போய்விட்டார்கள்.

கோளாறு அப்புறம்தான் தெரிந்தது. ஷெட் வரிசையில் இருந்தவர்களைத் தேடி மருத்துவர் வந்தார், தன்னார்வலர் வந்தார், ஊர்ச் செய்தி வந்தது. அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்த குடும்பம் சுனாமிக் குடும்பம் என்று அக்கம்பக்கத்துக்கே தெரியாது. வீடு நல்ல வீடு, ஊர் மட்டும் இல்லை.

இப்போது நம் குப்பத்துக்கு வருவோம். விடிகாலை மூன்று மணிக்குக் கடலுக்குள் போகிறவர் எட்டு கிலோமீட்டர் தள்ளி டவுனில் வாடகைக்கு இருந்தால் அந்த நேரத்துக்குக் கரைக்கு எப்படி வருவார்? ஏலத்துக்கு முன்னால் கூடையோடு கரையில் நிற்கவேண்டிய பெண் எந்த பஸ்ஸைப் பிடிப்பார்? படகையும் எஞ்சினையும் கரையில் யார் பார்த்துக்கொள்வது? வலையை எங்கே வைப்பது? வலை என்றால் கொடியில் போடும் துணி அல்ல, ஒரு அறையை அடைக்கும் குவியல். வாடகை வீட்டு ஓனர் அதைப் படி ஏற விடுவாரா என்பதே சந்தேகம்.

ஓனர் பேச்சு வந்ததால் சொல்லிவிடுகிறேன், அரசாணையில் வராத விஷயம் இது. எந்த ஆட்களுக்கு வீடு விடுவது என்று நம் ஊர்களில் ஒரு கணக்கு இருக்கிறது. மீன் வாடை என்பார்கள், 'நீங்கள் எந்தத் தெரு' என்பார்கள். வாடகைப் பணத்தை அரசு கொடுத்தாலும் அந்தக் கேள்விக்குப் பதிலைக் கொடுக்க முடியாது. அட்வான்ஸ் பணம் வேறு. ஒரு சின்ன டவுனில் ஒரே வாரத்தில் முன்னூறு குடும்பம் வீடு தேடினால் வாடகை அப்படியே நிற்குமா?

செலவுக் கணக்கும் பார்க்கிறபடி இல்லை. மாதம் 6,000 வைத்துப் பார்த்தால் இரண்டு வருஷத்துக்கு 1,44,000 ரூபாய். சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டில் ஒரு நிரந்தர வீட்டுக்குப் போட்ட மதிப்பீடே சுமார் ஒன்றரை லட்சம். இருபது வருஷ விலைவாசி இடையில் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வாடகைப் பணம் முடியும்போது கையில் ஒரு கம்புகூட மிஞ்சாது.

இருந்தாலும் சிலருக்கு வாடகைதான் சரி. மாதச் சம்பளக்காரர், டயாலிசிஸ் போகிறவர், நிறைமாதக் கர்ப்பிணி உள்ள வீடு. அப்புறம், முன்னாலேயே வாடகைக்கு இருந்தவர்கள். இவர்களுக்கு மனை கிடையாது, சேதப் பட்டியலில் பல சமயம் பெயரே வராது. வீடு ஓனருடையது என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஷெட்

ஷெட் போடுவது என்றால் எல்லோரும் தகரமா, தார் ஷீட்டா, கன்டெய்னரா என்று ஆரம்பிக்கிறார்கள். நிலத்தில் ஆரம்பிக்க வேண்டும். உலகளவில் நிவாரண அமைப்புகள் பின்பற்றும் ஸ்ஃபியர் தரக் கணக்கு ஒன்று உண்டு. கூரைக்குக் கீழே ஆளுக்கு 3.5 சதுர மீட்டர். பாதை, வடிகால், கழிப்பறை, சமையலிடம் எல்லாம் சேர்த்து முகாம் பரப்பில் ஆளுக்கு 45 சதுர மீட்டர். 20 பேருக்கு ஒரு கழிப்பறை. ஒருவருக்கு நாளுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர்.

நம் குப்பத்துக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து பேர் குடும்பத்துக்கு 17.5 சதுர மீட்டர், அதாவது 190 சதுர அடிக்குச் சற்றுக் குறைவு. 1,500 பேருக்குச் சுமார் 17 ஏக்கர். 75 கழிப்பறை. தினமும் 22,500 லிட்டர் தண்ணீர், 12,000 லிட்டர் டேங்கர் என்றால் இரண்டு நடை, ஒரு நாள்கூடத் தவறாமல். கரைக்குப் பக்கத்தில், மேடாக, தகராறு இல்லாத 17 ஏக்கர் எங்கே இருக்கிறது? இருந்திருந்தால் யாராவது எப்போதோ பிளாட் போட்டிருப்பார்கள். அதனால்தான் ஷெட்டுக்குக் கடைசியில் கிடைப்பது தண்ணீர் தேங்கும் புறம்போக்கு.

இது நம் ஊர் நிர்வாகத்தின் சாமர்த்தியக் குறைவு மட்டும் அல்ல. ஜப்பானில் நோட்டோ தீபகற்பத்தில் 2024 ஜனவரி 1 அன்று நிலநடுக்கம். சமதளம் குறைவான ஊர், கிடைத்த இடத்தில் தற்காலிக வீடுகளைக் கட்டினார்கள். அதே வருஷம் செப்டம்பர் 21 பெருமழையில் வாஜிமா, சுசு பக்கத்தில் சில தற்காலிகக் குடியிருப்புகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நிலநடுக்கத்தில் வீடு போய், ஒன்பதாம் மாதம் தற்காலிக வீட்டுக்குள்ளும் வெள்ளம் வந்தது.

சரி, நிலம் கிடைத்துவிட்டது என்று வையுங்கள். யாருக்கு எந்த ஷெட்? இங்கேதான் ஜப்பானின் கோபே நகரம் நினைவுக்கு வரும். 1995 ஜனவரி 17 நிலநடுக்கத்தில் 6,434 பேர் இறந்தார்கள். 48,300 தற்காலிக வீடுகள் கட்டினார்கள். பெரும்பகுதி நகரத்துக்கு வெளியே, மலைப்பக்கத்திலும் கடலை நிரப்பிய தீவுகளிலும். யாருக்குக் கொடுப்பது என்பதைக் குலுக்கலில் தீர்மானித்தார்கள், முதியோருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் முன்னுரிமை. யாராலும் குறை சொல்ல முடியாத விதி. ஆனால் நடந்தது என்ன? முன்பின் தெரியாத முதியவர்கள் முன்பின் தெரியாத முதியவர்களுக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தார்கள். சண்டை போடக்கூடத் தெரிந்த முகம் இல்லை. அந்த வீடுகளில் இருநூறு பேருக்கு மேல் யாரும் அறியாமல் தனியாக இறந்து கிடந்தார்கள். அந்தத் தனிச்சாவுக்கு ஜப்பானியர் சொல்லும் பெயர் கொடோகுஷி. இரண்டு வருஷத்துக்கு என்று சட்டம் சொன்ன அந்த வீடுகள் கடைசியாகக் காலியானது ஐந்து வருஷம் கழித்து, 2000 ஜனவரியில்.

2011இல் சில ஊர்கள் இதிலிருந்து கற்றுக்கொண்டன. இவனுமா நகரம் குலுக்கலை விட்டுவிட்டுக் குடியிருப்பு குடியிருப்பாக, பழைய அக்கம்பக்கத்தைக் கலைக்காமல் குடிவைத்தது. கமாய்ஷியில் ஹெய்டா என்ற இடத்தில் இன்னொரு சின்ன மாற்றம் செய்தார்கள். வழக்கமாக எல்லா ஷெட்டுக்கும் கதவு ஒரே திசை பார்க்கும், ஆகவே உங்கள் வாசலிலிருந்து பார்த்தால் எதிர் வரிசையின் முதுகுதான் தெரியும். அங்கே ஒரு பகுதியில் வாசலுக்கு வாசல் எதிரெதிராக வைத்து, நடுவில் மரப்பலகைத் தளமும் மேலே கூரையும் போட்டார்கள். நம் பாஷையில் சொன்னால் தெரு வைத்தார்கள். எதிர்வீட்டுக் கதவு காலை எட்டு மணியாகியும் திறக்கவில்லை என்றால் யாராவது தட்டிப் பார்ப்பார்கள். இதற்குத் தனி மனையோ தனி நிதியோ வேண்டியதில்லை, வரைபடத்தில் ஒரு வரிசையைத் திருப்பிப் போட்டால் போதும்.

ஜப்பானின் வழக்கமான தற்காலிக வீட்டு அளவு 29.7 சதுர மீட்டர், ஏறத்தாழ 320 சதுர அடி. நாம் சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த நிரந்தர வீட்டின் அளவும் கிட்டத்தட்ட அதே 325 சதுர அடிதான். இதைச் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

பொருள் பற்றிக் கடைசியாக ஓரிரு வார்த்தை. தார் ஷீட் ஷெட்டைக் கத்திரி வெயிலில் வைத்தால் என்ன ஆகும் என்று நாகை பார்த்துவிட்டது. தகரம்தான் கிடைக்கும் என்றால் கூரையை உயர்த்தி, முகட்டில் காற்றுப் போக வழி விட்டு, சுவரை மட்டும் கீற்றுத் தட்டியிலோ மூங்கில் பாயிலோ வைக்கலாம். சமையலை வெளியே தனியாக வைக்க வேண்டும், வரிசை வரிசையாகப் போகும் ஷெட்டில் ஒரு அடுப்புப் பொறி போதும். தொழிற்சாலையில் செய்து வந்தால் நல்லதாகத்தான் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2005 கத்ரீனா புயலுக்குப் பிறகு கொடுத்த டிரெய்லர் வீடுகளில் ஃபார்மால்டிஹைடு வாயு அதிகம் இருந்தது 2008இல் சோதனையில் உறுதியானது. அதுவரை அதற்குள் குழந்தைகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

சொந்த மனையில் கொட்டகை

2018 நவம்பர் 16இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது ஓடும் கீற்றும் பறந்தன, சுவர் விழுந்தது. மனை எங்கேயும் போகவில்லை. புயலுக்கும் நிலச்சரிவுக்கும் உள்ள இந்த வித்தியாசம் திட்டம் போடுகிறவர்கள் மேஜையில் அடிக்கடி காணாமல் போய்விடுகிறது. மனை இருக்கிறவருக்கு இன்னொரு இடத்தில் ஷெட் எதற்கு? இடிபாட்டை அள்ளிக் கொடுத்து, நல்ல தார்ப்பாய், சவுக்குக் கம்பு, கட்டுக் கம்பி, கயிறு, தகர ஷீட் பத்துப் பன்னிரண்டு, கூலிக்குக் கொஞ்சம் ரொக்கம் என்று கொடுத்தால் ஒரு வாரத்தில் எழுந்து நிற்கும். வாசல் அதே வாசல், குழாயடி அதே குழாயடி, ஆடு கட்டிய முளை அதே இடத்தில். வலை பக்கத்திலேயே கிடக்கும். ராத்திரி காற்று திரும்பினால் படகைப் பார்க்க நாலு எட்டுதான்.

முக்கியமாக, நிரந்தர வீடு கட்டுகிற வேலையை அந்தக் குடும்பமே பக்கத்தில் இருந்து பார்க்கிறது. கலவையில் சிமென்ட் குறைந்தால் அங்கேயே கேட்க ஆள் இருக்கும்.

இதில் சறுக்கல்களும் நிறைய. கணவரை இழந்து சிறு பிள்ளைகளோடு இருக்கும் பெண்ணிடம் கம்பையும் ஷீட்டையும் இறக்கிவிட்டுப் போவது உதவி ஆகாது, அவருக்குப் போட்டுக் கொடுக்க ஆள் வேண்டும். பட்டா இல்லாதவர் மனை யாருடையது என்ற கேள்வியைப் பட்டியல் எடுக்கிற அன்று கிளப்பினால் பாதிக் குப்பம் விட்டுப்போகும். ரேஷன் கார்டும் ஊர்ப் பஞ்சாயத்தின் சாட்சியும் போதும் என்று முன்கூட்டியே ஒரு உத்தரவு இருந்தால் அந்தச் சிக்கல் பெருமளவு தீரும். இன்னொன்று, மனை அதே ஆபத்தான இடத்தில்தான் இருக்கிறது. ஐப்பசியில் மறுபடி புயல் வந்தால் தார்ப்பாய்க் கொட்டகை நிற்காது. அருகில் புயல் பாதுகாப்பு மையமும் அதற்குப் போகிற வழியும் இருந்தால்தான் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கலாம்.

அரசு தன் விதியைச் சொல்லாமல் இழுத்தடித்தால் இந்த வழி மொத்தமாகவே அடைபட்டுவிடும். இலங்கையில் சுனாமிக்குப் பிறகு தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் வரை கட்டக்கூடாது என்று அறிவித்தார்கள். அந்தப் பட்டைக்குள் மனை இருந்தவர்கள் திரும்பிப் போய்க் கொட்டகை போடவும் முடியவில்லை, மாற்று நிலமும் கைக்கு வரவில்லை. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இடைக்கால வீடுகள் அந்த நாட்டில் எழுந்தன. 2005 கடைசியில் எல்லையைத் தளர்த்தினார்கள். அதுவரை போன ஒரு வருஷத்தைத் திருப்பித் தர முடியுமா?

பணம் கொஞ்சம் அதிகம் இருந்தால் இதையே ஒரு படி மேலே கொண்டு போகலாம். ஜப்பானில் 2016 குமாமோட்டோ நிலநடுக்கத்துக்குப் பிறகு தற்காலிக வீடுகளில் ஒரு பகுதியைக் கான்கிரீட் அடித்தளத்தில் மரத்தால் கட்டி, பின்னால் பலவற்றை நிரந்தரக் குடியிருப்பாகவே வைத்துக்கொண்டார்கள். நம் ஊருக்கு ஏற்றபடி சொன்னால், தரைத்தளமும் நாலு தூணும் கழிப்பறையும் முதலிலேயே உறுதியாகப் போட்டுவிடுவது. சுவரும் கூரையும் இப்போதைக்குத் தட்டியும் ஷீட்டும். பிறகு அதே தூணுக்குள் செங்கல் ஏறட்டும்.

ஆக, நம் குப்பத்துக்கு

புயல் என்றால் என் தேர்வு மனைக் கொட்டகைதான். 300இல் 200, 220 குடும்பம் இதில் அடங்கும் என்று வைத்துக்கொள்வேன். மனையே கடலோடு போனவர்களுக்கும் மனை இல்லாதவர்களுக்கும் ஷெட், ஆனால் ஒரே பெரிய முகாமாக வேண்டாம். இருபது முப்பது வீடாக, ஒரு தெருவில் இருந்தவர்கள் ஒரே கொத்தில், கரைக்கு நடந்து போகிற தூரத்தில், வாசலுக்கு வாசல் எதிராக. 17 ஏக்கர் ஒரே இடத்தில் கிடைக்காது, ஒன்றரை ஏக்கர் மூன்று இடத்தில் கிடைக்கலாம். வாடகை, கேட்டு வாங்குகிறவர்களுக்கு மட்டும். அட்வான்ஸையும் சேர்த்துக் கொடுத்து, அவர்கள் புது முகவரியை ஊர்ப் பஞ்சாயத்திடமும் சுகாதார நிலையத்திடமும் விட்டு வைக்க வேண்டும். சொந்தக்காரர் வீட்டில் போய்த் தங்குகிறவர்களுக்கும் அதே பணத்தில் ஒரு பங்கு. அவர்களை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. அரிசி தீர்வது அந்தச் சொந்தக்காரர் வீட்டில்தான்.

நிலச்சரிவு என்றால் வயநாட்டு வழிதான், மலையில் இதே பட்டியலைத் தலைகீழாக வாசிக்க வேண்டும்.

இதையெல்லாம் புயல் வந்த பிறகு உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. புரட்டாசிக்குள் வி.ஏ.ஓ.வும் ஊர் நாட்டாரும் சேர்ந்து அந்த மூன்று மேட்டு நிலத்தைப் பார்த்து வைக்க வேண்டும். வரைபடத்தை நம்பிப் போகாமல், போன பெருமழையில் எங்கே தண்ணீர் நின்றது என்று அங்கே ஆடு மேய்க்கிறவர்களைக் கேட்பது நல்லது. எந்தத் தெரு எந்தக் கொத்தில் என்ற பட்டியலைக் கோயில் வாசலில் வாசித்துவிட வேண்டும். சண்டை வரும். அது அப்போதே வரட்டும்.

ஒரு சின்ன விஷயத்தையும் அந்தப் பட்டியலோடு சேர்த்தே வாசிக்கலாம்: ஷெட்டைப் பிரிக்கும்போது ஷீட்டும் கம்பும் யாருக்கு? ஒப்பந்தக்காரருக்கா, அரசுக் கிடங்குக்கா? அந்தந்தக் குடும்பத்துக்கே என்று முதலிலேயே சொல்லிவிட்டால் ஆணியை வளைக்காமல் அடிப்பார்கள், ஷீட்டை ஓட்டை விழாமல் பார்த்துக்கொள்வார்கள். நிரந்தர வீட்டுக்குப் போகும்போது அது பின்பக்கச் சமையல்கட்டாகவோ வலைக் கொட்டகையாகவோ கூடவே போகும்.